அணு நானாவின் குச்சியும் என் நாக்கும்

தேத்தண்ணியைக் குடிப்பதற்கு முன் அதற்கு முன்னால் முழங்காலில் நின்ற மனிதர் புத்தளத்துக் கரையில் ஒரே ஒருவர்தான். அவர் அணு நானா. உலகத்திலேயே ஒரே ஒருவர் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் நான் எதையும் உறுதியாகச் சொல்லப் பயப்படுகிறவன்.

எங்கள் உப்பளத்துக்கு எதிரே இருந்த கடையில் காலை ஏழு மணிக்கு அந்தக் காட்சி நடக்கும். நானா தோள்பையிலிருந்து கண்ணாடியாலான ஒரு அளவுச் சாடியை எடுப்பார். உயரமான, ஒடுக்கமான சாடி. பக்கத்தில் கோடு கோடாக எண்கள் இருக்கும். தேத்தண்ணியை அதில் ஊற்றி மேசையில் வைத்துவிட்டு, கண் அந்தக் கோட்டின் மட்டத்துக்கு வரும்வரை முழங்காலில் இறங்குவார்.

"நானா, ஆறப் போகுது, எழும்புங்க. சனம் பாக்குது" என்பார் கடைக்காரர்.

"மேல நிண்டு பாத்தா ஒரு அளவு, கீழ இருந்து பாத்தா இன்னொரு அளவு. கண் மட்டத்தில பாத்தாத்தான் ஓய் உண்மை. இந்தா, நூத்தி நாப்பத்தாறு. நாலு மில்லிலீட்டர் குறையுது."

"அது ஆவியாப் போயிரிக்கும்."

கடைக்காரர் தப்புவதற்காகச் சொன்ன வார்த்தை அது. நானாவுக்கோ முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தீங்களா! இவனுக்கு விளங்குது!" என்று கடையில் இருந்த எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, நாலு மில்லிலீட்டர் குறைந்த தேத்தண்ணியைச் சந்தோஷமாகக் குடிப்பார்.

எனக்கு அப்போதே வயிறு எரியும். பத்தொன்பது வருடமாக அதே கடையில் அதே தேத்தண்ணியை நானும் குடிக்கிறேன். என்னை யாராவது திரும்பிப் பார்த்ததுண்டா?

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் முதலாளி ஹாஜியாருக்கே மறந்து போயிருந்தது. எதைப் பற்றிக் கதை தொடங்கினாலும் மூன்றாவது வசனத்தில் அணு வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது மன்னாரிலிருந்து குடும்பத்தோடு வெளிக்கிட்டு வந்தவர், அப்போது உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தாராம். கழுவிக்கொண்டு வரும்படி ஆசிரியர் கொடுத்துவிட்ட பள்ளிக்கூடச் சாடி அன்று வீட்டில் இருந்தது. உடுப்போடு அதுவும் பைக்குள் வந்துவிட்டது. "அடுத்த கிழமை திருப்பிக் குடுப்பம் எண்டு நினைச்சன்" என்று மட்டும் சொல்வார். சோதனையை அவர் எழுதவேயில்லை. அதனால்தானோ என்னவோ, கண்டவர்களிடமெல்லாம் விடை சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருமுறை உப்பு வாரிக்கொண்டிருந்த எங்கள் எல்லோரையும் மறித்து, பாத்தியின் நடுவில் ஒரு கடுகு மணியை வைத்தார்.

"இது அணுவின்ட கரு. புரோத்தனும் நியூத்திரனும் இதுக்குள்ளதான் அடைஞ்சு கிடக்கிற. இலத்திரன் எங்க தெரியுமா? அந்தா, அந்த வரம்பில சுத்துது. இடையில என்ன இரிக்கி?"

"உப்பு" என்றாள் றஹ்மத்தும்மா. முப்பது வருடமாக உப்பு வாருகிறவள், வேறு என்ன சொல்வாள்?

"ஒண்டுமே இல்ல! வெறுமை! உலகத்தில இரிக்கிற எல்லாச் சாமானும் இப்பிடித்தான். முக்காலே மூணு வீசம் வெறுமை."

றஹ்மத்தும்மா கூடையைத் தலையிலிருந்து இறக்கி உள்ளே பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அப்ப இந்த வெறுமையத் தூக்கித் தூக்கியா நானா என்ட முதுகு இப்பிடி வளைஞ்சு போன?"

பாத்தியே சிரித்தது. நானாதான் எல்லோரிலும் கூடுதலாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றிரவு படுத்திருந்த கட்டிலும் வெறுமைதானே, கீழே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசனையாக இருந்தது.

உப்புக்கும் ஒரு கதை வைத்திருந்தார். சோடியம் என்பது தண்ணீர் பட்டால் வெடிக்கும் முரடனாம். குளோரீன் என்பது மூச்சில் பட்டால் கொல்லும் நச்சுவாயுவாம். இரண்டுக்கும் நிக்காஹ் செய்து வைத்தால் அமைதியான உப்பாகிச் சம்பலுக்குள் வந்து உட்கார்ந்துவிடுமாம். "எப்பிடி நடக்குது தெரியுமா? மாப்பிள்ள சோடியம் தன்னட்ட வெளியில இரிக்கிற ஒரே ஒரு இலத்திரனை எடுத்துப் பொண்ணுக்கு மஹராக் குடுக்கிறான். கைக்கூலி கேக்காத மாப்பிள்ள இந்த ஊரிலயே அவன் ஒருத்தன்தான்!"

இதைக் கேட்டுவிட்டு வந்து என் மனைவி மெற்றில்டா இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கலியாணம் கட்டி இருபது வருடத்தில் என் கதை ஒன்றுக்காவது அவள் இரண்டு நிமிடம் சிரித்ததில்லை. "நானாட அறிவுக்கு அவர் எங்கயோ இருக்க வேண்டிய ஆள்" என்றாள். நான் எங்கே இருக்க வேண்டிய ஆள் என்று கேட்க நினைத்தேன். பதில் என்னவாக இருக்குமோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

இங்கே என் நாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் அந்த உப்பளத்தில் எனக்கு ஒரு பதவி இருந்தது. கடலோரக் களப்புத் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி மாற்றி வெயிலில் காய விட்டால், அது தடிப்பாகிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் உப்புப் பூக்கத் தொடங்கும். உப்பு படிந்த பிறகு மேலே மிஞ்சுகிற தண்ணீர் மெல்ல மெல்லக் கசப்பாகும். அந்தக் கசப்புத் தண்ணீரைச் சரியான நேரத்தில் திறந்துவிட வேண்டும். விட்டு வைத்தால் உப்பும் கைக்கும். சாக்குக்குள் போட்டாலும் கசிந்துகொண்டே இருக்கும். வாங்க ஆள் வராது. எப்போது மாற்றுவது, எப்போது திறப்பது என்று சொல்கிறவன் நான்தான். விரலைத் தோய்த்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "இன்னும் ரெண்டு நாள்" என்பேன். அல்லது "இப்ப திற" என்பேன். முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் வாழ்க்கையில் நான் கவலைப்படாமல் இருந்த நேரம் அந்த ஒரு நிமிடம்தான்.

அந்த ஒரு நிமிடத்துக்குள்தான் அணு நானா ஒரு குச்சியோடு வந்து சேர்ந்தார்.

அடியில் ஈயக் குண்டுகளும் உள்ளே எண் எழுதிய கடதாசியும் வைத்து அடைத்த கண்ணாடிக் குழாய் அது. அவர் 'திரவமானி' என்பார், எங்களுக்குக் குச்சி. உப்புத் தண்ணீரைச் சாடியில் எடுத்துக் குச்சியை விட்டால் மிதக்கும். தண்ணீர் எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்குக் குச்சி மேலே எழும்பும். உப்புப் பூக்கும்போது இருபத்தைந்து டிகிரி. இருபத்தொன்பது வந்தால் கசப்புத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். இவ்வளவுதான். இதற்குக் கண் போதும். என் பத்தொன்பது வருட நாக்கு எதற்கு?

ஹாஜியார் எதையும் சட்டென்று மாற்றுகிற ஆளல்ல. "முதல்ல சவிரிட நாக்கு, பொறகு நானாட குச்சி. ரெண்டும் ஒத்து வந்தா திறப்பம்" என்று முறை வைத்தார். சவிரி என்றால் நான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஒவ்வொரு நாளும் இரண்டும் ஒத்து வந்தன. நான் "இப்ப திற" என்பேன். நானா முழங்காலில் நிற்பார், மூன்று தரம் அளப்பார், மூன்றையும் கூட்டிப் பிரித்துக் கொப்பியில் எழுதுவார், பிறகு ஹாஜியாருக்குப் பக்கத்தில் போய்ச் சன்னமான குரலில் "சவிரி சொன்னது சரி" என்பார். யார் இவர், நான் சரி என்று சொல்வதற்கு? பிழை என்று சொன்னாலாவது சண்டை பிடிக்கலாம்.

எதையும் மூன்று தரம் அளப்பது அவர் வழக்கம். மீன் சந்தையில் சூடை மீனின் விலையையும் மூன்று தரம் கேட்பார். இரண்டாம் தரம் கேட்கும்போதே மீன்காரன் பயந்து குறைத்துவிடுவான். மூன்றாம் தரம் இன்னும் குறைப்பான். நானா நேர்மையாக மூன்றின் சராசரியைக் கொடுத்துவிட்டு வருவார். இதைக் கேள்விப்பட்டு நானும் ஒருநாள் மூன்று தரம் கேட்டேன். "காது கேக்காதா?" என்றான் அவன்.

மனிதர்களையும் பிரித்து வைத்திருந்தார். "ஹாஜியார் திண்மம். வச்ச இடத்தில இரிப்பார். நான் திரவம். எந்த ஏனத்தில ஊத்தினாலும் அதுக்கேத்த மாதிரி இரிந்துக்குவன். சவிரி, நீங்க வாயு."

"ஏன் நானா வாயு?"

"சின்னக் கவலை ஒண்டு கிடைச்சாப் போதும், அறை முழுக்கப் பரவிடுவீங்க."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிந்த காலம். நான் அளவுக்கு மேல் கவலைப்பட்டு, அளவுக்கு மேல் கொத்தமல்லி அவித்துக் குடித்து, பதினான்கு நாள் அறைக்குள் கிடந்து எழும்பினேன். உயிர் இருந்தது. நாக்கில் ஒன்றும் இல்லை. சீனி, மிளகாய், எலுமிச்சம்பழம் எல்லாம் நனைந்த கடதாசி மாதிரி. முதலில் நான் ஓடிப்போய் வாயில் போட்டது ஒரு கை உப்பு. மணல் மாதிரி கரகரத்தது, அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. நாக்குப் போன நாக்குக்காரனுக்கு உப்பளத்தில் என்ன வேலை? மெற்றில்டாவுக்கும் சொல்லவில்லை, சொன்னால் அவள் அழுவாள், அவள் அழுதால் நான் இன்னும் கவலைப்படுவேன். சாப்பிடும்போது மட்டும் கவனமாக இருந்தேன். ஒரு மத்தியானம் பாரை மீன் குழம்பை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டு, "இண்டைக்குக் கறி நல்லா எழும்பியிருக்கு. உப்பு அப்பிடியே அளவு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். சட்டியை மூடினாள்.

மறுநாள் காலையில் மெற்றில்டா எங்கள் வேலியடியில் நின்று அணு நானாவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் கதை நின்றது. "என்ன கதை?" என்றேன். "சும்மா, அணுவப் பத்தி" என்றாள். ஒரு பெண்பிள்ளைக்கு விடியக்காலையில் அணுவைப் பற்றி என்ன கதை? அந்த நாள் முழுக்க என் வயிற்றுக்குள் சோடியம் தண்ணீரில் விழுந்துகொண்டே இருந்தது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. முதற் பாத்தியில் விரலைத் தோய்ப்பதற்காகக் குனிந்தேன். இன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில், எனக்கு முன்னால் போய் நின்ற நானா, ஏலக்காரன் மாதிரித் தொண்டை கிழியக் கத்தினார்:

"இருபத்தி மூண்டேகா...ல்!"

கொக்குகள் பறந்தன. றஹ்மத்தும்மா காதைப் பொத்தினாள். "என்ன நானா, குச்சி கடிச்சிட்டா?"

"அளவு எண்டா நாலு பேருக்குக் கேக்கோணும்!" என்றார் நானா.

நான் விரலை நாக்கில் வைத்தேன். கண்ணை மூடினேன். வழக்கம்போல ஆழ்ந்து யோசித்தேன். "இன்னும் ரெண்டு நாள்" என்றேன். ஹாஜியார் தலையாட்டினார்.

அன்றிலிருந்து தினமும் அதுதான் நடந்தது. முதலில் நாக்கு, பிறகு குச்சி என்ற முறையை மிதித்துக்கொண்டு நானா எனக்கு முன்னால் ஓடுவார். ஓடிப்போய்க் கத்துவார். "இருபத்தைஞ்ச...ர!" என்று அவர் கத்தினால் ஆலங்குடாக் கடலில் இடுப்பில் பட்டம் கட்டி அலைமேல் பறக்கிற வெள்ளைக்காரர்களும் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று ஊரில் பகிடி. நான் பின்னால் வந்து, காற்றில் கேட்ட எண்ணை நாக்கில் ருசித்ததாக நடித்துத் தீர்ப்புச் சொல்வேன்.

நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. என் முறையைப் பறித்துவிட்டார். பறித்ததனால்தான் நான் பிழைத்தேன். அவரால் பிழைத்தேன் என்பதே இன்னும் எரிந்தது. சன்னமாகக் கதைத்த மனிதருக்குத் திடீரென்று என்ன விளம்பரம்? ஹாஜியாருக்குக் கேட்க வேண்டும், முப்பது பேருக்கும் தெரிய வேண்டும், தன் குச்சிதான் பெரிது என்று காட்ட வேண்டும், வேறென்ன என்று நினைத்தேன். கொப்பியோடும் குச்சியோடும் அவர் வரம்பில் நடந்து போகும்போது, காற்றடித்து விழுந்தாலென்ன என்றும் நினைத்தேன். உடனே, விழுந்துவிட்டால் நாளைக்கு எண் யார் கத்துவது என்ற பயமும் வந்தது.

ஐந்து மாதம் இப்படிப் போனது. கச்சான் காற்று ஊளையிட்டு அடித்த அந்தப் போகத்தின் கடைசியில் ஹாஜியார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஒரே வேலைய ரெண்டு பேர் செய்றீங்க. நாக்குச் சொல்றதத்தான் குச்சி சொல்லுது, குச்சி சொல்றதத்தான் நாக்குச் சொல்லுது. ஏழாம் பாத்தி முடியட்டும். அதோட ஒராள் காணும், மத்த ஆள் வேணாம். யார் எண்டு நானே முடிவு எடுக்கிறன்."

ஏழாம் பாத்திதான் எல்லாவற்றிலும் பெரியது. அந்த வருடத்து வெள்ளை உப்பு முழுக்க அதில் படிந்து கிடந்தது. இனிக் கசப்புத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டிய நேரத்தை மட்டும்தான் சரியாகச் சொல்ல வேண்டும்.

அன்று பகல் நானா லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். குச்சியை ஒரு துவாயில் சுற்றி வரம்பில் வைத்திருந்தார். நான் எடுத்தேன். உடைக்க நினைக்கவில்லை, மாதா மேல் ஆணையாக. பார்க்கத்தான் நினைத்தேன். இவ்வளவு மெல்லிய ஒரு சாமானுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது, என்னிடம் இல்லாதது? பக்கத்தில் இருந்த இரும்பு வாளித் தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்த்தேன். எடுக்கும்போது வாளி விளிம்பில் பட்டது.

டிங்.

மிகச் சின்னச் சத்தம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறலும் இல்லை, வெடிப்பும் இல்லை. துடைத்துத் துவாயில் சுற்றி வைத்துவிட்டு, வாயுவாகி உப்பளம் முழுக்கப் பரவினேன்.

அடுத்த நாள் ஏழாம் பாத்தியில் நானா கத்தினார்: "இருபத்தேழு!" அதற்கடுத்த நாள்: "இருபத்தேழு!" மூன்றாம் நாள் கல் வெடிக்கிற வெயில், பாத்தித் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவே வற்றியிருந்தது. நானா மூன்று தரம் அளந்தார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, நாலாம் தரமும் அளந்தார். "இருபத்தி... ஆறே முக்கால்" என்று கத்தினார். கத்தலில் சுரத்து இல்லை.

"தண்ணி வத்த வத்த அளவு குறையுதா?" என்றார் ஹாஜியார்.

"அதுதான் எனக்கும் விளங்குதில்ல" என்றார் நானா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பழக்கத்தில் விரலைத் தோய்த்தேன். பழக்கத்தில் நாக்கில் வைத்தேன். பழக்கத்தில் கண்ணை மூடினேன்.

நாக்கின் அடியில், தொண்டைக்குப் பக்கத்தில், ஊசிமுனை அளவுக்கு ஏதோ ஒன்று அசைந்தது. பிறகு அது விரிந்தது. கசப்பு! வேப்பங்கொழுந்தைக் கடித்தது மாதிரிக் கசப்பு. ஐந்து மாதத்துக்குப் பிறகு என் வாய்க்குள் வந்த முதல் ருசி. அதைத் துப்ப மனம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கைக்குது" என்றேன். "ஹாஜியார், நல்லாக் கைக்குது. நேத்தே திறந்திருக்கோணும். இப்பவே திறங்க!"

ஹாஜியார் தானும் விரலைத் தோய்த்து நக்கினார். முகம் கோணியது. "திற! திற!" என்று கத்தினார். நாலு பேர் மண்வெட்டியோடு ஓடி மடையை வெட்டினார்கள். கசப்புத் தண்ணீர் பளபளவென்று வாய்க்காலில் ஓடியது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பாத்தி முழுக்கக் கெட்டிருக்கும்.

"அப்ப நாக்குத்தான் சரி" என்றார் ஹாஜியார். "நானா, கோவிக்காதீங்க. குச்சி பொய் சொல்லிட்டு. நாளையில இருந்து சவிரி மட்டும் காணும்."

எத்தனை மாதம் நான் கனவு கண்ட வார்த்தை! நானாவின் முகம் தொங்குவதைப் பார்ப்பதற்காகத் திரும்பினேன். அந்த முகம் தொங்கவில்லை. பெருநாள் பிறை கண்ட முகம் மாதிரி இருந்தது. குச்சியை வரம்பில் போட்டுவிட்டு என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"உண்மையாக் கைக்குதா?" என்றார்.

"ஓம் நானா."

"நடிப்பில்லையே?"

அந்தக் கேள்வி எனக்கு உடனே உறைக்கவில்லை. அவருடைய சந்தோஷம்தான் தாங்க முடியாமல் இருந்தது. என் வேலை போனால் நான் அப்படிச் சிரிப்பேனா? என்னையறியாமல் வாய் திறந்துகொண்டது.

"ஹாஜியார், குச்சி பொய் சொல்லல்ல. நான்தான் வாளியில மோதிப் போட்டன். நானா தொழப் போன நேரம். வெடிச்சிருக்கும்."

நானா குச்சியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். அடியில், ஈயக் குண்டுகளுக்கு இடையில், ஒரு துளி தண்ணீர் இங்குமங்கும் ஓடியது. மயிரிழை வெடிப்பால் நாளுக்கு நாள் உள்ளே கசிந்திருக்கிறது. குச்சி பாரமாகிப் பாரமாகித் தாழ்ந்திருக்கிறது. தாழத் தாழ அளவு குறைந்திருக்கிறது.

அடி விழும் என்று நான் கண்ணை மூடினேன்.

"பாத்தீங்களா ஓய்!" என்று நானா துள்ளினார். "நாலு தரம் அளந்தன், நாலும் ஒத்து வந்திச்சு. ஒத்து வந்தா சரி எண்டு நினைச்சன். ஒத்து வாறது வேற, சரியா இரிக்கிறது வேற! இது என்ட கொப்பியில முதலாம் பக்கத்தில இரிக்கி, நான்தான் மறந்திட்டன்!"

"உங்கட குச்சிய உடைச்சிருக்கான், நீங்க பாடம் நடத்திறீங்களா?" என்றார் ஹாஜியார்.

"குச்சி கொழும்பில விக்குது, ஹாஜியார். இந்த நாக்குப் போயிருந்தா அத எங்க வாங்குற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நானா... உங்களுக்குத் தெரியுமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தப் பழைய சன்னக் குரல். "உப்பே போடாத பாரைக் குழம்ப ரெண்டு தரம் போட்டுத் திண்டா வேற என்ன நினைக்கிற? உங்கட வீட்டம்மா வேலியடியில நிண்டு அழுதா. உங்களுக்குத் தெரியக் கூடாதெண்டு சொன்னா. அதுதான் கத்தினன். எண் தெரிஞ்சாச் சமாளிச்சிடுவீங்க எண்டு."

எனக்கு முன்னால் ஓடியது, கொக்கு பறக்கக் கத்தியது, ஊரெல்லாம் பகிடி பண்ணியது எல்லாம் இதற்குத்தானா? நான் பொறாமைப்பட்ட ஒவ்வொரு சத்தமும் எனக்கென்று போட்ட சத்தமா?

ஹாஜியாருக்கு இதில் பாதிதான் விளங்கியது. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், குச்சிக்குள் ஓடுகிற துளியைப் பார்த்தார். "நாக்குப் போனா குச்சி வேணும், குச்சி போனா நாக்கு வேணும். ரெண்டு பேரையும் சேத்தாத்தான் ஒரு முழு ஆள் வருது. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. வெளங்காத மனுசன்மார்!" என்று சொல்லிவிட்டுப் போனார். திண்மம் ஒரு அடி நகர்ந்ததை அன்றுதான் பார்த்தோம்.

"அப்ப நாளைக்கும் கத்துவீங்களா நானா?" என்று றஹ்மத்தும்மா கேட்டாள்.

"இனித் தேவையில்ல" என்றார் அவர்.

வீட்டுக்குப் போய் மெற்றில்டாவிடம், "அண்டைக்கு வேலியடியில அணுவப் பத்தியா கதைச்சீங்க?" என்று எப்படிக் கேட்பது என்று வழி முழுக்கக் கவலைப்பட்டேன். கேட்கவில்லை. கறியை வாயில் வைத்துவிட்டு, "உப்பு ஒரு சொட்டுக் கூடிப் போச்சு" என்றேன். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சமையலைக் குறை சொல்லி ஒருத்தியை இவ்வளவு சந்தோஷப்படுத்திய புருஷன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

புதுக் குச்சி வந்தது. பழைய முறையும் வந்தது: முதலில் நாக்கு, பிறகு குச்சி, பிறகு ஹாஜியாரின் காதுக்குள் "சவிரி சொன்னது சரி." உப்பளம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவேயில்லை.

தேத்தண்ணிக்கும் உப்புத் தண்ணீருக்கும் முன்னால் நின்று நின்று நானாவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. இப்போது வண்ணாத்திவில்லில் மகள் வீட்டில் இருக்கிறார். சாடியைக் கொண்டுபோய்விட்டார், அங்கே கிணற்றுத் தண்ணீரை அளந்து மருமகனை வதைப்பதாகக் கேள்வி. மருமகன் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

குச்சியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். காலையில் முதலில் விரலைத் தோய்த்து நாக்கில் வைக்கிறேன். பிறகு முழங்காலில் இறங்கி, கண் மட்டத்தில் குச்சியைப் பார்க்கிறேன். ஏழாம் பாத்திக்கு வந்ததும், அக்கம்பக்கத்தில் யாருமில்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, கொக்குகள் எழும்பிப் பறக்கும்வரை கத்துகிறேன்: "இருபத்தைஞ்ச...ர!"